ஏ ரத்தத்துக் கயோகோ

வேலை பார்க்கும் மீன் தொழிற்சாலையில் கயோகோவைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "அவங்க ஏ ரத்தம். வேற எப்படி இருப்பாங்க?" ரத்தப் பிரிவுதான் குணம் என்று ஜப்பானில் நம்புகிறவர்கள் அதிகம்; ஏ என்றால் ஒழுங்கு, அடக்கம், ஓ என்றால் மனம்போன போக்கு. வாசலில் யார் செருப்பு கோணலாகக் கிடந்தாலும் கயோகோ குனிந்து நேராக்குவாள். சாம்பலும் பழுப்பும் தவிர வேறு நிறம் உடுத்தமாட்டாள். ஒருமுறை கடையில் சிவப்புக் கோட்டு ஒன்றைத் தொட்டுவிட்டு, திருடி மாட்டிக்கொண்டவள்போல் கையை இழுத்துக்கொண்டாள்.

தங்கை ருரி ஓ ரத்தம். இருபது வயதில் எவனோடோ ஒசாகாவுக்குப் போனவள் திரும்பவே இல்லை. ஓ ரத்தம் அப்படித்தான் என்று ஊரும் விட்டுவிட்டது. படகு மெக்கானிக் ஒருவன் கயோகோவைக் கட்டிக்கொண்டு ஹொக்கைடோவுக்குப் போக ஆசைப்பட்டபோது மட்டும் அம்மா உமெனோ, "ஏ ரத்தம் வீட்டை விட்டுப் போனா வாடிடும்" என்றாள். இது என்ன நியாயம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கயோகோவும் நம்பினாள். அம்மா பக்கவாதத்தில் விழுந்து பதினோரு வருடமாகிறது.

இப்போது கயோகோவுக்கு ஐம்பத்திரண்டு வயது. கர்ப்பப்பையில் கட்டி. அறுவை சிகிச்சை முடிந்து வரும்வரை, பத்து நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ருரிக்குப் போன் செய்தாள்.

"எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் ஏது, அக்கா? தள்ளிப்போடேன். நீ ஏ ரத்தமாச்சே, தாங்கிக்குவ."

மறுநாள் மருத்துவமனையில் செவிலி தாளைப் புரட்டினாள். "ஏ பிரிவுன்னு எழுதியிருக்கீங்க. நீங்க ஓ. ரெண்டு தடவை பாத்துட்டோம். பிறந்தப்ப தப்பா பாத்திருப்பாங்க."

வீட்டுக்கு வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் அம்மாவின் படுக்கையருகே உட்கார்ந்தாள்.

"அம்மா, நான் ஓ-வாம்."

"தெரியும்." உமெனோவுக்கு வாயின் ஒரு பக்கம்தான் அசைந்தது. "ஏழு வயசுல உனக்குக் குடல்வால் எடுத்தாங்களே, அப்பவே டாக்டர் சொன்னார்."

"ஏம்மா சொல்லல?"

"ஏ ரத்தம்னு நெனச்சு எவ்வளவு அடக்கமா வளந்துக்கிட்டிருந்த! ருரி அப்பவே அடங்காப்பிடாரி. ரெண்டு ஓ-வை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? ஒருத்தியாவது வீட்டுல இருக்கணுமில்ல?"

கயோகோ கத்த வாயைத் திறந்தாள். எப்படிக் கத்துவதென்று தெரியவில்லை.

"கோவமாடி?"

"இல்லம்மா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அம்மாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் நேரமாகியிருந்தது. புரட்டினாள். முதுகைத் துடைத்துவிட்டாள். பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்து, அறுவை சிகிச்சையை இப்போதைக்குத் தள்ளிவைக்கச் சொன்னாள். சிரமம் கொடுத்ததற்கு இரண்டு தடவை மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.