பூஜ்யம் காட்டிய மூன்றாம் கருவி

சுரங்கத்தின் கருவி அறையில் அவளுக்கு 'மயிரிழை' என்று பெயர். கடுகை இரண்டாகப் பிளந்து கொடுத்தால் எந்தப் பாதி பெரிது என்று சொல்லிவிடுவாள் என்பார்கள். புளுகுதான், ஆனால் கால்வாசிப் புளுகு.

லேசர்களுக்கு அலைநீளம் பிடித்துக்கொடுப்பது அவள் வேலை. நுணுக்கமாகக் கோடு கிழித்த சின்னஞ்சிறு தகடு ஒன்று வேண்டாத நிறங்களையெல்லாம் கழித்துவிட்டு ஒரே நிறத்தை மட்டும் விடும். கண்ணுக்கே தெரியாத அந்த ஒளியை, லேசரின் சூட்டைக் கூட்டிக் குறைத்து, மீத்தேன் வாயு விழுங்குகிற இடத்தில் நிறுத்த வேண்டும். கண்ணாடி இழை வழியே ஒளி சுரங்கத்துக்குள் போய்த் திரும்பும். விழுங்கப்பட்டது எவ்வளவோ, அவ்வளவு வாயு. இடம் பிசகினால் வாயு ஒளியைத் தொடாது. சுரங்கமே வாயுவால் நிறைந்திருந்தாலும் கருவி 'பூஜ்யம்' என்று சாதிக்கும்.

பிசகாமல் காவல் காப்பது கருவிக்குள் இருக்கும் மீத்தேன் அடைத்த குப்பி; அதற்குள் ஒளி விழுங்கப்பட்டால் இடம் சரி என்று அர்த்தம். மூன்றாம் கருவியின் குப்பி விரிசல் விட்டிருந்தது. புதிது கேட்டபோது மேலாளர், "அடுத்த மாசம் வரும்மா. அதுவரைக்கும் என்ன பண்ணுவ?" என்றார்.

"குப்பி எதுக்கு சார்? என் கை போதும்."

பத்தொன்பது வருஷத்துக் கர்வம் நாக்கில் உட்கார்ந்து பேசிற்று. தினமும் காலை ஏழு மணிக்கு, பக்கத்துக் கருவியின் குப்பியை இரவல் வாங்கிச் சரிபார்த்தாள்.

அன்றும் ஏழு மணிக்குச் சரியாகத்தான் இருந்தது. ஒன்பதரைக்குப் பூஜ்யம் காட்டியது.

அந்தக் கருவி காவல் காக்கும் மூன்றாம் சுரங்கம் ஒருநாளும் பூஜ்யமாக இருந்ததில்லை. இருமல்காரக் கிழவனைப் போல எப்போதும் கொஞ்சம் வாயுவைக் கக்கிக்கொண்டே இருக்கும். ஓடிப்போய்ப் பக்கத்துக் குப்பியை எடுத்து ஒளியின் வழியில் வைத்தாள். அப்போதும் பூஜ்யம். கருவியைக் குளிர்விக்கும் விசிறி நின்று, லேசர் சூடேறி, இடம் நழுவியிருந்தது.

"சார், சைரன் போடுங்க!"

"பூஜ்யத்துக்கா? ஊரே சிரிக்கும்மா."

தொலைபேசியைப் பிடுங்கினாள். மூன்றாம் சுரங்கத்தில் எடுத்தது அவள் தம்பி.

"என்னக்கா, மேல வேலை வெட்டி இல்லையா?"

"வெளிய வாடா. கருவி குருடாயிடுச்சு."

"இங்க பச்சை விளக்கு எரியுதே?"

"பொய்யா எரியுதுடா!"

"நீ பதறினா விஷயம் இருக்கும். உள்ள ரெண்டு பேரு இருக்காங்க, கூட்டிட்டு வந்துடறேன்."

தொலைபேசியைத் தொங்கவிட்டுவிட்டு உள்ளே போனான். அவள் லேசரின் சூட்டைக் குறைக்கும் திருகைத் திருகினாள். எண் முளைத்தது. நூற்றுக்கு ஒன்று. மூன்று. ஆறு. சைரன் தானாகவே அலறியது. அது அலறி முடிப்பதற்குள் தரை அதிர்ந்தது.

இரண்டு பேர் கருகிய சட்டையோடு வெளியே வந்து விழுந்தார்கள். அவர்களை முன்னே தள்ளிவிட்டவன் வரவில்லை.

பதினாறாம் நாள் விசாரணை. அதற்கு முன்னால் மேலாளர் காகிதத்தோடு வந்து குரலைத் தாழ்த்தினார்.

"கருவிக் கோளாறுன்னு எழுதிடலாம்மா. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

"அடுத்த மாசம்னு சொன்னது நீங்க. என் கை போதும்னு சொன்னது நான். ரெண்டையும் எழுதுங்க."

அவர் பேனாவை எடுக்கவில்லை. அவர் சட்டைப்பையிலிருந்து அவளே அதை உருவினாள்.