என் பெயருக்கு வந்து நின்ற கார்

கூலிக்குக் கரும்பு வெட்டிய கையால் நான் கட்டியதைச் சொல்கிறேன். கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, வெறும் பாறை என்று இரண்டு பேர் கைவிட்டுப் போன மேட்டில் கிணறு வெட்டித் தண்ணீர் பார்த்தேன். மழைக்காலத்தில் பஸ் நின்றுபோகும் நாட்களில் பழைய ஜீப் ஒன்றைக் கல்வராயன் மலைமேல் ஏற்றி, வெள்ளிமலைக்கு ஆட்களையும், கீழே வரும்போது மரவள்ளி மூட்டையையும் கொண்டு சேர்த்தேன். அந்த ஜீப் லாரி ஆனது. லாரி இரண்டானது. ஆறு மாதம் தாங்காது என்று கள்ளக்குறிச்சிப் பெரிய மனிதர்கள் சிரித்த என் சேகோ மில் இன்றைக்கும் மரவள்ளி அரைத்து ஜவ்வரிசி ஆக்கிக்கொண்டிருக்கிறது. மகனை இன்ஜினியருக்குப் படிக்க வைத்து மலேசியாவுக்கு அனுப்பினேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எந்தக் கையும் எனக்குப் பின்னால் நின்று தள்ளிவிடவில்லை.

இவ்வளவும் என் பெயரில்தான் இருக்கிறது. கிணறு, மோட்டார் கனெக்‌ஷன், லாரி, மில், என் மனைவி ஓட்டிய மொபெட் எல்லாமே. இது பேராசை இல்லை. எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு எது வந்தாலும் மூத்தவர் பெயரில் வரும். அப்படி வந்தால்தான் அது குடும்பத்துப் பொருள்.

மகன் மலேசியாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இனி ஊரோடு இருக்கிறேன், மில்லைப் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அங்கே அவன் ஓட்டிய வெள்ளிநிறக் காரையும் கூடவே கொண்டுவர ஆசைப்பட்டான். ஆசைப்பட்டது அவன், தைரியம் கொடுத்தது நான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது அந்தக் காரில் உட்கார்ந்திருக்கிறேன். மலை ரோட்டில் ஓட்டிப் பழகியவனுக்கு ஒரு வண்டியின் தரம் உட்கார்ந்தாலே தெரியும்.

அவன் சட்டத்தையெல்லாம் படித்து எனக்குச் சொன்னான். ஊருக்கே திரும்புகிறவனுக்குத்தான் இந்த வழி உண்டு. இரண்டு வருஷம் தொடர்ந்து வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். கார் ஒரு வருஷமாவது அங்கே அவனிடம் இருந்திருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். ஓட்டிய காரென்றால் மும்பைத் துறைமுகத்தில்தான் இறக்க வேண்டும். வரியும் நாம் கொடுத்த விலைக்கு இல்லை. புதிதில் அது என்ன விலையோ அதில் தேய்மானம் கழித்து, கப்பல் கூலி, இன்சூரன்ஸ் சேர்த்து, அதன்மேல் போடுவார்கள். கூட்டிப் பார்த்தால் வரி காரை விடப் பெரிசு. மலேசியாவில் அவன் சேர்த்ததில் பெரும்பங்கு அதற்கென்றே பேங்கில் தனியாகக் கிடந்தது.

கப்பலில் ஏற்றும் நாளில் போன் பண்ணினான். "அப்பா, இந்தியாவுல யார் பேருக்கு வருதுன்னு கேக்கறாங்க. இன்னா சொல்லட்டும்?"

"இதுல கேக்க இன்னா கீது. என் பேரைச் சொல்லு."

சொல்லிவிட்டான். அப்பன் பேச்சைத் தட்டாத பிள்ளை. கப்பல் ரசீதில், பெறுபவர் என்ற இடத்தில் என் பெயர் ஏறியது.

கார் கடலில் வரும்போதே நான் ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். மில்லுக்கு வருகிற வியாபாரி முதல் திருக்கோவிலூர்ச் சம்பந்தி வீடு வரை சொல்லாத ஆள் இல்லை. மகனும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து சேர்ந்தான். கார் மும்பையில் இறங்கிய மறுநாள், அங்கே துறைமுக வேலைகளுக்கு மகன் பிடித்து வைத்திருந்த ஏஜென்ட் கூப்பிட்டாள். மும்பையிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். மகன் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தான்.

"ரசீதுல இருக்கற பேரு யாரோடது சார்?"

"எங்க அப்பாவோடது மேடம்."

 "அவர் மலேசியாவுல இருந்தாரா?" என்றாள்.

நான் சொன்னேன், "இருந்தேனே. பதினஞ்சு நாளு."

"ஐயா, ரெண்டு வருஷம் இருந்திருக்கணும். சலுகை உங்க பையனுக்கு. ஆனா காரு உங்க பேருக்கு வந்திருக்கு. கஸ்டம்ஸ்காரங்க கணக்குல, உங்களுக்கு இந்தக் காரைக் கொண்டுவர அனுமதியே கிடையாது. அப்படியே விட்டா பறிமுதல் பண்ணி ஏலம் போட்டுடுவாங்க."

மகன் முகத்தைப் பார்த்தேன். மலையிலிருந்து லோடோடு இறங்கும்போது பிரேக் காய்கிற வாசம் வரும்.  அப்படி இருந்தது வீடு.

வழி ஒன்று இருக்கிறது என்றாள். ரசீதில் பெயரை மாற்றலாம். அதற்கு நான் ஒரு கடிதம் தர வேண்டும், சுங்க அதிகாரி ஒத்துக்கொள்ள வேண்டும். ஒத்துக்கொள்வார் என்று நிச்சயம் இல்லை. அதுவரை துறைமுகத்தில் கார் நிற்கிற இடத்துக்கு வாடகை ஏறும், அதுவும் போகப் போக ஜாஸ்தியாகும்.

கடிதத்தை அனுப்பினாள். மகன் எனக்குத் தமிழில் படித்தான். இந்தக் கார் என்னுடையது அல்ல, இதில் எனக்கு எந்த உரிமையும் எப்போதும் இருந்ததில்லை, இனியும் கோர மாட்டேன். இவ்வளவுதான் அதில் இருந்தது.

நான் எழுந்து மில்லுக்குப் போய்விட்டேன்.

சம்பாதித்த ஒன்றைக்கூட என்னுடையது இல்லை என்று இந்த வாயால் சொன்னவனில்லை நான். வரப்புத் தகராறில் தலை உடைந்தபோதும் சொல்லவில்லை. ஊருக்கே என் கார் வருகிறது என்று சொல்லிவிட்டு, அது என்னுடையதே இல்லை என்று காகிதத்தில் எழுதுவதா? அடுத்த நாளும் நான் பிடி கொடுக்கவில்லை. மகன் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தான். சந்தையில் ஒரு மூட்டை வியாபாரி, "இன்னா மொதலாளி, கப்பல்ல வந்த காரு இன்னும் நீந்திக்கினு கீதா?" என்றான். "வரும். நீ வழியை வுட்டு நில்லு," என்றேன். சிரித்தார்கள்.

என் மனைவிதான் அன்றைக்குச் சாயங்காலம் வாயைத் திறந்தாள். "நான் ஓட்டுன மொபெட்டுக்கு நீங்க ஓனரு. நான் ஒரு நாளாச்சும் கேட்டனா? அவன் காரு, அவன் காசு. ஒரு கையெழுத்துப் போடறதுக்கு இன்னாங்க உங்களுக்கு நோவுது?"

"நோவுது."

"அப்பிடின்னா நோவட்டும். கையெழுத்தைப் போடுங்க."

மகனைக் கூப்பிட்டேன். "குடுக்கறேன்னு எழுதிக்கலாமா? இது என்னுது, என் மவனுக்குக் குடுக்கறேன்னு. மரியாதையா இருக்கும்." அவன் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டான். அவள் சொன்னாள், "ஐயா, குடுக்கறேன்னு எழுதினா அது உங்களோடதுன்னு ஆயிடும். உங்களோடதுன்னு ஆனா காரு போச்சு. ஒருநாளும் என்னோடதா இருந்ததில்லைன்னுதான் எழுதணும். கடுதாசி போதும்னு நினைக்காதீங்க, நேர்ல வாங்க. அதிகாரி உங்களையே கேப்பாரு."

போனோம். மும்பையில் இறங்கியதும் ஏஜென்ட் ஆபீஸில் கையெழுத்துப் போட்டேன். பேனா ஓடவில்லை என்று இரண்டு முறை உதறினேன். பேனா நன்றாகத்தான் ஓடியது.

சுங்க ஆபீஸ் நடையில் காத்திருந்தபோது ஏஜென்ட் சொல்லிக் கொடுத்தாள். "ஒரே பதில்தான் ஐயா. என்னோடது இல்ல. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லாதீங்க. உங்க மில்லைப் பத்தி, ஜீப்பைப் பத்தி, எதுவும் வேணாம்."

"அதைத்தான் சொல்லிடுவாருன்னு பயந்துக்கினே கூட்டாந்திருக்கேன் மேடம்," என்றான் மகன். அந்த வாரத்தில் அவன் பேசிய முதல் கிண்டல் அது. சிரிக்க முடியவில்லை எனக்கு.

உள்ளே அதிகாரி இளவயசுக்காரர். காகிதங்களைப் புரட்டினார். என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார். கார் உங்களுடையதா என்று கேட்கிறார் என்றாள் ஏஜென்ட்.

மகன் நாற்காலியின் கையைப் பிடித்திருந்தான். அவன் விரல் வெளுத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இல்லீங்க. என்னுது இல்ல. என் மவனோடது."

அவள் இந்தியில் சொன்னாள். முடிந்தது என்று நினைத்தோம். அவர் ரசீதைத் திருப்பி என் பக்கம் தள்ளி, என் பெயர்மேல் விரலை வைத்தார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உங்களோடது இல்லைன்னா உங்க பேரு ஏன் இருக்குன்னு கேக்கறார் ஐயா. உங்க பையனோட சலுகையைக் காட்டி உங்களுக்குன்னே கொண்டுவந்த காரோன்னு சந்தேகப்படறார்."

இதற்குப் பதில் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஏஜென்ட்டிடமும் இல்லை. இன்ஜினியரான என் மகனிடமும் இல்லை. அதிகாரி காகிதக் கட்டை ஓரமாக நகர்த்தினார்.  மகனின் பத்து வருஷ உழைப்பு அந்தக் கட்டோடு நகர்கிறது.

"யம்மா, நான் சொல்றதை அப்பிடியே சொல்லு," என்றேன். "எங்க ஊருல கல்யாணப் பத்திரிகை அடிச்சா, தலைப்புல வூட்டுப் பெரியவரு பேரைத்தான் போடுவோம். அவரு பேருலதான் எல்லாரையும் கூப்புடுவோம். அதுக்காவ மாப்பிள அந்தப் பெரியவரா? தாலி கட்டறவன் வேற. இந்த ரசீது பத்திரிகைங்க. மாப்பிள இங்க குந்திக்கினு கீறான், பாருங்க."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். இந்தியில் அது எப்படிப் போனதோ தெரியாது, அதிகாரி தலையைத் தூக்கினார். என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அவர்கள் வீட்டிலும் பத்திரிகை தாத்தா பெயரில்தான் என்று அவளிடம் சொன்னாராம். கட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து, மகனுடைய பாஸ்போர்ட்டையும் மலேசியக் கார்ப் பதிவையும் பக்கம் பக்கமாகப் பார்த்தார். அபராதம் ஒன்றை எழுதி, பெயர் மாற்றத்துக்கு ஒப்புதல் போட்டார்.

வெளியே வந்ததும் மகன் சுவரில் சாய்ந்துகொண்டான். "காரு பூடும்னு நெனச்சேன்பா," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

வரி கட்டினோம், ஏறியிருந்த வாடகையையும் கட்டினோம். ரோட்டில் ஓடத் தகுதி உண்டா என்று காரைச் சோதித்தார்கள். லாரியில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்து மகன் பெயரில் பதிவு செய்தோம். இரண்டு வருஷம் விற்கக் கூடாது என்று நிபந்தனை. யார் விற்கப் போகிறார்கள்? அவன் அதை மலைக்கு ஓட்டிப் போகிறான். கரியாலூர் வளைவில் திருப்பும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து கியர் சொல்கிறேன், அவன் கேட்பதில்லை.

கார் வந்ததற்கு வீட்டில் விருந்து வைத்தோம். எப்படிக் கொண்டுவந்தாய் என்று எல்லாரும் அவனைக் கேட்டார்கள். ஏஜென்ட் கெட்டிக்காரி என்றான், சட்டம் இப்படி, வரி இப்படி என்றான். பெயர் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல் வந்தது, பேசிச் சரிபண்ணிவிட்டார்கள் என்றான். பேசியது யார் என்று சொல்லவில்லை. நான் பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன், எல்லாம் காதில் விழுந்தது.

காரில் என் பெயர் வேண்டாம், விட்டுவிட்டேன். என்னுடையது இல்லை என்று என் வாயால் சொன்னதை நான் திருப்பி எடுக்கவும் மாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னது நான். காகிதக் கட்டு நகர்ந்தபோது அதை நிறுத்தியதும் நான். அந்த அறையில் வேறு யாரிடமும் பதில் இல்லை. இனி இந்தக் காரைப் பற்றி என் மகன் யாரிடம் பேசினாலும் இதைச் சொல்லிவிட்டுத்தான் சட்டத்தையும் வரியையும் சொல்ல வேண்டும். முதலில் என் காது கேட்க, அன்றைக்கு விருந்து சாப்பிட்டவர்கள் முன்னால் சொல்லட்டும்.