தலைமடையில் தொடங்கிய வேலை

நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், எழுதத் தெரியும் என்பதற்காக, ஊர் கூடி வாய்க்கால் தூர் வாரும் வேலையை என்னிடம் விட்டார்கள். எந்த நாள், எந்தப் பகுதி, எந்த வீட்டு ஆட்கள் என்று தாளில் கட்டம் போட்டு எழுதினேன்.

எங்கள் கம்பம் ஊர்ப் பக்கத்தில், வாய்க்கால் முடியும் கடைமடையில் தொடங்கி மேல்நோக்கி வெட்டிப் போவதுதான் வழக்கம். எனக்கோ, பெரியாற்று அணைத் தண்ணீரை முன்னதாகத் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரே கவலை. தண்ணீர் முதலில் நுழையும் தலைமடையாவது தயாராக இருக்கட்டும் என்று வரிசையைத் திருப்பிவிட்டேன்.

பயந்தபடியே, பாதி வேலையில் தண்ணீர் வந்துவிட்டது. மேலே நிலம் வைத்திருந்தவர்கள் மடையைத் திறந்துகொண்டார்கள். மறுநாள் யாரும் வரவில்லை. வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன்.

"எங்க வயலுதான் நனைஞ்சிருச்சுல்ல, இனி எதுக்குய்யா மம்பட்டி? உன் தாளை அனுப்பு, அது வெட்டட்டும்" என்று ஒருவர் சிரித்தார்.

கடைமடையில் தொடங்கினால், மேலே இருப்பவர்களும் தங்கள் தண்ணீருக்காகக் கடைசி நாள்வரை வந்தாக வேண்டும். அது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடைமடையில் நிலம் வைத்திருந்த விருமாயி அங்கே தனியாக வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நாற்றங்கால் மஞ்சளாகியிருந்தது.

"அண்ணே, அவுக பக்கம் நாலு நாளு வந்து வெட்டுனேன்ல. எம்பக்கம் வாரோம்னு சொன்னாக. எங்கண்ணே அவுக?"

நானும் மண்வெட்டியை எடுத்தேன். இரண்டு பேர் எவ்வளவு தூரம் வெட்டிவிட முடியும்? நாற்று கருகியது. அவள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலையேறிப் போய்விட்டாள்.

என் வயலும் தலைமடையில்தான் இருந்தது. அந்த வருஷம் நன்றாகவே விளைந்தது. ஊரை நினைத்துப் பயந்துதான் வரிசையைத் திருப்பினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நம்ப முடியவில்லை.