எடை ஒட்டிய கைகள்

அக்காவைப் பற்றி எழுதும்படி குடும்பத்தார் கேட்டபோது, நான் அவரிடம் கத்திய நாள்தான் முதலில் நினைவுக்கு வந்தது. அதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனமில்லை.

அக்கா கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர். செம்பனைக் குலை விழுந்து அப்பாவின் முதுகு ஒடிந்தபின், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டார். தோட்டம் கைமாறி நாங்கள் புக்கிட் செந்தோசாவுக்குக் குடிவந்தோம். அங்கே டயர் கடையொன்றில் தரை கூட்டச் சேர்ந்தவர், ஓராண்டுக்குள் சக்கரங்களைச் சமநிலைப்படுத்தும் இயந்திரத்துக்கே பொறுப்பானார். அந்தச் சம்பளத்தில்தான் நானும் தங்கையும் படித்தோம். தமக்கென்று ஒரு குடும்பம் அவர் தேடவில்லை.

நான் ரவாங் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுகிறேன். ஒரு தீபாவளி சமயம் அக்காவின் கடையில் வேனுக்கு டயர் மாற்றினேன். சக்கரம் ஆடாமலிருக்க அதன் உட்புறத்தில் சிறு எடைகளை ஒட்டுவார்கள். அக்காதான் வழக்கம்போல் துடைத்து ஒட்டினார். மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் உதறத் தொடங்கியது. பின்னாலிருந்த பெண்கள் பயந்து அலறினார்கள். எப்படியோ ஓரங்கட்டினேன். பார்த்தால், முன் சக்கரங்களில் எடைகளைக் காணோம்.

நேரே கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் முன்னிலையில், "பன்னெண்டு பொம்பளைங்க உயிரு என் கையில இருக்குக்கா. நீ என்னதான் ஒட்டுன?" என்று கத்தினேன். அக்கா சக்கரத்தைக் கழற்றி, உட்புறத்தை விரலால் தடவி முகர்ந்தார். பிறகு என்னருகே வந்து, மற்றவர் காதில் விழாதபடி கேட்டார்.

"ரிம்முக்கு என்ன அடிச்ச, தம்பி?"

டயர் மாற்ற வருமுன் பளபளப்புக்காகச் சிலிக்கோன் ஸ்ப்ரே அடித்திருந்தேன். உள்ளேயும் அடித்திருந்தேன்; அந்த வழவழப்பில் பசை நிற்காது. தலையைக் குனிந்தேன்.

"என் மேலயும் தப்பு இருக்கு. கேக்காம ஒட்டிட்டேன்" என்றார்.

அன்று முதன்முறையாக அவர் வேலையை நின்று பார்த்தேன். பழைய பசையை ரிம்மில் கீறல் விழாதபடி பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினார். சோப்பு நீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்தார். ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒருமுறை, அது காயுமுன் வேறு துணியால் மறுமுறை. துணியில் கருமை தெரிந்தவரை விடவில்லை. பசையில் விரல் படாமல் எடையைப் பதித்து, கட்டைவிரலால் நெடுநேரம் அழுத்தினார். யாரும் எட்டிப் பார்க்காத உட்புறத்துக்கு இத்தனை கவனமா என்று மலைத்து நின்றேன். அதன்பின் எந்தச் சக்கரத்தையும், "என்ன அடிச்சீங்க?" என்று கேட்காமல் அவர் தொட்டதில்லை. அந்த எடைகள் அடுத்த டயர் மாற்றும்வரை அசையவில்லை. அன்றைக்குக் கேட்க வேண்டிய மன்னிப்பை நான் கேட்கவே இல்லை.

கடந்த ஆண்டு புற்றுநோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. வலி மிகுந்த நாட்களிலும் தாதியரிடம் முகம் சுளிக்கவில்லை.

முறை வைத்து மருத்துவமனையில் துணையிருந்த வேன் பெண்களுக்கும், டயர் கடையை அடைத்துவிட்டு வந்த முதலாளி சீனத் தவுக்கேவுக்கும், சுங்கை பெசாரிலிருந்து வந்து சமைத்துப் போட்ட அத்தைக்கும் எங்கள் குடும்பம் நன்றியோடு தலைவணங்குகிறது. இறுதிச் சடங்கு நாளன்று, எனக்கு அறிமுகமில்லாத லோரி ஓட்டுநர்கள், டாக்சிக்காரர்கள், என்னைவிட மூத்தவர்கள், எங்கள் வீட்டு வாசலில் வரிசையாக நின்று, "அக்கா எங்க?" என்றுதான் கேட்டார்கள். எனக்கும் தங்கைக்கும் மட்டுமே அவர் அக்கா என்று அதுவரை நினைத்திருந்தேன்.