திடப்பள்ளி சுந்தரராமன் கடல் தாண்டினார்

மலையாளமும் தமிழும் கலந்து பேசும் வலியசாலையில் சுந்தரராமன் என்று மட்டும் கேட்டால் வேறு யாரையாவது காட்டிவிடுவார்கள். திடப்பள்ளி சுந்தரராமன் என்று கேட்க வேண்டும். தெருக்கோடியில் ஒரு குடும்பத்தார் நடத்தும் சின்னக் கிருஷ்ணன் கோயில். அதன் திடப்பள்ளியில், அதாவது நைவேத்தியம் தயாராகும் சமையலறையில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்தான் பாயசம் வைக்கிறார். அகன்ற வெண்கல உருளியில் பால் குறுகும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் முறைப்பார். அந்த உருளிக்கு முன்னால் நிற்கும்போதுதான் மனிதர் முழுச் சந்தோஷமாக இருப்பார்.

அங்கே ஒரு பழைய கட்டுப்பாடு உண்டு. கடல் தாண்டியவர் திடப்பள்ளிக்குள் கால் வைக்கக் கூடாது. கோயில் குடும்பத்துப் பிள்ளைகள் பாதிப் பேர் துபாயில்தான். லீவில் வரும் அவர்கள் பாயசம் குடிக்கத் தடையில்லை, வைக்கத்தான் தடை. இதை நினைத்து ஊரில் யாருக்கும் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

மாட்டிக்கொண்டவள் அவர் மனைவி வாலாம்பாள். சங்குமுகம் கடற்கரையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புவதோடு அவளுடைய யாத்திரை முடிந்துவிடும். இலங்கையின் வடக்கு மாகாணத்துத் தீவுகளைப் போனில் பார்த்துப் பார்த்து, நயினாதீவுக்குப் படகு போகும் வழி அவளுக்கு மனப்பாடம். மகளோடு போய்வா என்றால் கேட்கமாட்டாள்.

"நீங்க இல்லாம எனக்கென்ன தீவு? போகாட்டாலும் சாரமில்லே, குறையொண்ணுமில்லே," என்பாள். அப்படி அவள் விட்டுக்கொடுப்பதுதான் அவரை அரித்தது.

போன வருஷம் அவளுக்கு முழங்கால் வீங்கியது. கோயில் படியில் ஏற முடியாமல் அவள் நின்றதைப் பார்த்த அன்றே, மகள் விஷ்ணுப்ரியாவிடம் இரண்டு டிக்கெட் போடச் சொல்லிவிட்டார்.

கோயில் செயலாளர் விஜய்குமார் பதறிப்போனார். "போயிட்டு வந்தா உள்ளே கேற முடியாது, ஸ்வாமி. தெரியுமல்லோ?"

"தெரியும்," என்றார்.

கொழும்பில் இறங்கி, ரயிலில் யாழ்ப்பாணம் போனார்கள். கந்தரோடையில் பனைகளுக்கு நடுவே, உருளிகளைக் கவிழ்த்து வைத்தாற்போல் பழைய பௌத்தத் தூபிகள். வாலாம்பாள் முழங்காலை மறந்து அவற்றைச் சுற்றி வந்தாள். மறுநாள் நயினாதீவுப் படகில் வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்களும் பட்டு உடுத்த தமிழ்ப் பெண்களும் ஒன்றாக இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தீவுக் கோயிலில் அம்மனைத் தொழுதுவிட்டு, சற்றுத் தள்ளியிருந்த புத்த விகாரைக்கும் போனார்கள். பூவை வைத்த வாலாம்பாள், நம்மூர் வழக்கப்படி பிரசாதத்துக்குக் கையை நீட்டியபடி அப்படியே நின்றாள். பிக்கு புன்னகை செய்தார்.

"இங்கே அதெல்லாம் கிடையாது போலிருக்கு, வாடி," என்று சுந்தரராமன் கிசுகிசுத்தார். வாலாம்பாள் வெட்கப்பட்டு, பிறகு அடக்கமுடியாமல் சிரித்தாள்.

திரும்பும் படகில் உப்புத் தண்ணீர் முகத்தில் தெறித்தது. அத்தனை பேர் முன்னால் அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நன்னாயிருக்கு இல்லியோ, ஏன்னா?" அவர் அந்தக் கையை மடியில் வைத்துப் பொத்திக்கொண்டார். தலையை ஆட்டினார்.

ஊர் திரும்பிய மறுநாளே விஜய்குமார் நல்ல செய்தியோடு வந்தார். "பூஜை விதியெல்லாம் சொல்ற நம்ம தந்திரிகிட்டே கேட்டேன். பரிகாரம் உண்டு. குளத்தில முங்கிட்டு, சன்னதி நடையில நின்னு, கடல் தாண்டினது தப்பு, அதுக்கு வருத்தப்படறேன்னு பகவான்கிட்டே சொல்லணும். அத்தறதான், வேறொண்ணுமில்லே. அப்புறம் பழையபடி நீங்கதான்."

சுந்தரராமனுக்கு உயிர் வந்தது. மறுநாள் விடியற்காலையில் முங்கி, ஈர வேட்டியோடு நடையில் போய் நின்றார். உள்ளே வேறு யாரோ கிளறும் பாயசத்தின் வாசனை வந்தது. பாலை இன்னும் குறுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. கையைக் கூப்பினார். வாயைத் திறந்தார். மறுபடி மூடிக்கொண்டார்.

"சொல்லுங்கோ, ஸ்வாமி," என்றார் விஜய்குமார்.

"வருத்தம் இல்லையே, விஜய்குமார். இல்லாததை இந்தக் கிருஷ்ணன் முன்னாடி நின்னு எப்படிச் சொல்றது?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நடந்ததைக் கேட்ட வாலாம்பாள் அழுதேவிட்டாள்.

"ஒரு வார்த்தைதானே! எனக்காகவாவது சொல்லியிருக்கப்படாதா?"

"உனக்காகத்தாண்டி சொல்லலை," என்றார் சுந்தரராமன்.