ஆணிக்காரர் மெருகேற்றிய பாட்டு

தெருவில் அவரை ஆணிக்காரர் என்றால்தான் தெரியும். கம்பியை விழுங்கி ஆணியாகத் துப்புகிற மெஷின்கள் வரிசையாக நிற்கும் கம்பெனியில், மீசை முளைக்கும் வயதில் சேர்ந்தவர். பக்கத்தில் நிற்பவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமென்றாலும் அவன் காதுக்குள் வாயை வைத்துக் கத்தவேண்டும். காதை அடைத்துக்கொள்ள நிர்வாகம் ரப்பர் அடைப்பான் கொடுத்திருந்தது. மேலதிகாரி வரும்போது எல்லோரும் மாட்டிக்கொள்வார்கள். அவர் தலை மறைந்ததும் அது சட்டைப் பைக்குள் போய்விடும். அடைத்துக்கொண்டு வேலை பார்க்கிறவனைப் பச்சைப் பிள்ளை என்று கேலி செய்வார்கள். அந்தக் கேலியில் ஆணிக்காரர்தான் முதல் ஆள்.

அவர் மனைவி ஒரு தையல் கடையில் காஜா எடுக்கிறவள். எங்கும் போய்ப் பாட்டுக் கற்றவளில்லை. ஆனால் வேலையோடு வேலையாகப் பாடுவாள். துணி வாங்க வந்தவர்கள் துணியை வாங்கிக்கொண்டும் போகாமல் நிற்பார்கள். அந்தக் குரலை நினைத்து ஆணிக்காரருக்குப் பெருமை தாங்காது. உள்ளூர் ரேடியோவில், வீட்டில் பதிவு செய்த பாட்டுகளைப் போடும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அதில் ஒரு முறை தன் பாட்டு வரவேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. வாய்விட்டு எதையும் கேட்காதவள் அதை மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் படுக்கையறை ஸ்டுடியோ ஆகும். ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக்கொடுத்து, கதவில் போர்வையைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு அவள் வியர்க்க வியர்க்கப் பாடினாள். அவர் கீபோர்டு வாசித்து, மகளின் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சேர்த்தார். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

பாட்டு பதிவானதும் வேலை முடிந்தது என்று அவள் நினைத்தாள். மனுஷன் விடுவாரா? மாஸ்டரிங் என்று கடைசியாக ஒரு வேலை இருக்கிறதாம். செல்போனில் கேட்டாலும் காரில் கேட்டாலும் பாட்டு சீராக, எடுப்பாக இருக்கும்படி மெருகேற்றுவது. அதற்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று தேடப் போனவர், மகளுக்கு மாப்பிள்ளை தேடுகிறவர் போல எதைப் பார்த்தாலும் ஒரு நொட்டை சொன்னார். சும்மா கிடைத்த ஒன்று பாதியில் உறைந்து நின்றது. சோதித்துப் பார்க்கத் தந்த இன்னொன்று பாட்டுக்கு நடுநடுவே வாயை மூடிக்கொண்டது. மூன்றாவதை மகள் காட்டினாள். இணையத்தில் பாட்டை ஏற்றினால் போதும், அதுவே மெருகேற்றித் திருப்பித் தந்துவிடும்.

“இது நல்லாயிருக்குப்பா. இதையே அனுப்பிடலாம்,” என்றாள் மகள்.

“மந்தமா இருக்கு. போர்வைக்குள்ள உக்காந்து பாடுற மாதிரி. மெஷினுக்கு என்ன காதா இருக்கு?” என்று தள்ளிவிட்டார்.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது, எல்லாவற்றையும் நாமே திருகிக்கொள்ளும்படி வரிசையாகக் குமிழ்கள் வைத்த சாஃப்ட்வேர். வீடியோவில் பாடம் எடுத்த ஒரு ஆள், ‘வரைபடத்தைப் பார்க்காதே, காதை நம்பு’ என்று சொல்லித் தொலைத்திருந்தான். பசுமரத்தாணி போல அது மனதில் பதிந்துவிட்டது. தடித்த கீழ்ச் சத்தம் எவ்வளவு, கீச்சென்ற மேல் சத்தம் எவ்வளவு என்று காட்டும் வரைபடம் திரையில் வருமே, அந்த இடத்தில் ஒரு காலண்டர் அட்டையை ஒட்டி மறைத்தார். பிறகு குரல் ‘கணீர்’ என்று கேட்கும்வரை மேல் சத்தத்தை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார்.

மனைவி கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தாள். “ச, சி வர்ற இடமெல்லாம் ஊசியால குத்துற மாதிரி இருக்குங்க.”

“உனக்கு இதுல என்ன தெரியும்? உன் குரல்தான் இப்ப மந்தமாயிடுச்சு. முன்ன மாதிரி இல்ல. தொண்டையத் தொறந்து பாடு.”

அவள் தொண்டை வறள வறளத் திரும்பப் பாடினாள். அவர் திரும்ப ஏற்றினார். எல்லாம் தெரிந்த ஏகாம்பரத்திடம் யார் வாய் கொடுப்பது என்று மகளும் ஒதுங்கிக்கொண்டாள்.

அவர் அந்தப் பாட்டையே அனுப்பிவைத்தார். ரேடியோவிலிருந்து மனைவிக்கே போன் வந்தது. பேசிய பெண் தன்மையாகத்தான் சொன்னாள். “மெட்டு நல்லா இருக்கும்மா. ஆனா குரல் காதைக் குத்துது. எங்களால போட முடியாது.” மனைவி ‘சரிங்க’ என்று வைத்துவிட்டாள். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவேண்டிய நேரத்தில் ஆணிக்காரர் சொன்னது இது:

“நானும் எவ்வளவோ மெருகேத்திப் பார்த்தேன். சரக்கு சரியில்லைன்னா என்ன பண்றது?”

கட்டின மனைவியிடம் சொல்கிற பேச்சா இது? அன்றோடு அவள் பாடுவதை விட்டாள். தையல் கடையில்கூட முணுமுணுப்பதில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இந்த வீட்டில் கூடம்தான் கோணல். பழி ஆடியவள் தலையில் விழுந்தது.

அடுத்த மழைக்காலத்தில் கம்பெனிக்குக் காது பரிசோதனை வண்டி வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதலில் சரியாக அமுக்கினார். பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று கூண்டின் கண்ணாடியைத் தட்டினார்.

“ஓடிக்கிட்டுத்தான் இருக்குங்க. சத்தம் வந்துச்சே, நீங்க அமுக்கலையே,” என்றாள் நர்ஸ். “மேல் சத்தம் உங்களுக்குக் கேக்கலை. உங்க கம்பெனியில பாதிப் பேருக்கு இப்படித்தான். ரொம்ப வருஷமாவே போயிருக்கணும்.”

ஆணிக்காரர் வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. மகளைக் கூப்பிட்டு, மெஷின் மெருகேற்றிய அந்தப் பழைய பாட்டைத் தேடச் சொன்னார். இணையத்தில் அது அப்படியே கிடந்தது. கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கேட்கும்படி மகள் போட்டாள். மடித்த கை நின்றது. பாட்டு முடியும்வரை அவள் அசையவில்லை.

“நல்லாத்தான் பாடியிருக்கேன்,” என்றாள்.

அவர் நர்ஸ் சொன்னதைச் சொன்னார். “கோளாறு என் காதுலதான். இன்னொரு தடவை பாடு. நான் எதையும் தொடமாட்டேன். மெஷினே செய்யட்டும்.”

“எனக்குப் பாட வரலைங்க. வாயத் தொறந்தாலே சரக்கு சரியில்லைன்னு நீங்க சொன்னதுதான் முதல்ல வருது.”

“அது தப்புன்னு இப்பத் தெரிஞ்சிடுச்சே.”

“உங்களுக்கு இப்பத் தெரிஞ்சுது. எனக்கு அன்னைக்கே கேட்டுச்சு, குத்துதுன்னும் சொன்னேன்.” அவள் துணிகளை அடுக்கி எடுத்துக்கொண்டாள். “என் காதுல கேட்டத விட்டுட்டு உங்களை நம்பினேன் பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியலை.”

அவள் உள்ளே போய்விட்டாள். அவர் அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். அவரும் ஸ்பீக்கரோடு காதை ஒட்டிவைத்துக் கேட்டார். அவருக்கு அது அப்போதும் மந்தமாகத்தான் கேட்டது.