ஆறிலிருந்து ஏழுக்குப் போன கால்

மாற்றுத்திறனாளிகளுக்கான நீச்சலில் இருபது வருடமாக மாநிலப் பதக்கம் வாங்கிவரும் நான், என் கால் எவ்வளவு மோசம் என்று அளக்க வந்தவரிடம், அது ஓரளவு நல்ல கால்தான் என்று நம்பவைத்துவிட்டேன். இதைவிட முட்டாள்தனமாக ஒரு மனிதன் தன் திறமையைக் காட்ட முடியாது.

எங்கள் போட்டிகளில் உடல்நிலையைப் பார்த்து ஆளுக்கொரு பிரிவு ஒதுக்குவார்கள். எண் சிறியது என்றால் குறை பெரியது. இளம்பிள்ளை வாதம் சூம்பவைத்த வலது காலோடு நான் எப்போதும் பிரிவு ஆறு. போன வருடம், நாற்பத்தேழு வயதில், தேசியப் போட்டிக்குப் போக இதுதான் கடைசி வாய்ப்பு என்று எண்ணியிருந்தபோது மறுபரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள்.

மேசையில் படுக்கவைத்து, "காலைத் தூக்குங்க சார்" என்றார் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட். அவர் முகத்தில் இரக்கம் ஏற்கெனவே தயாராக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய வித்தைக்காரன் விழித்துக்கொண்டான். இடுப்பை லேசாகச் சுழற்றி, கால் தானே எழுவதுபோல் தூக்கிக் காட்டும் வித்தை, பள்ளிக்கூடத்திலேயே பழகியது. பெண் பார்க்கப் போன அன்று அந்த வித்தையைக்கூட நான் நம்பவில்லை. 'லேசாத் தாங்கி நடப்பாரு' என்று தரகர் சொல்லிவைத்திருந்ததையும் பொய்யாக்கிவிட வேண்டுமென்று, முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்து, எழாமலே காரியத்தை முடித்தவன் நான்.

அடுத்து குளத்தில் இறக்கிப் பார்த்தார்கள். தண்ணீரிலும் இடுப்பாலேயே உதைத்தேன். "நல்ல பவர் இருக்கே சார்" என்றார். காது குளிர்ந்தது. சாயங்காலம் பட்டியல் ஒட்டினார்கள்: பிரிவு ஏழு.

என் பயிற்சியாளர் புன்னைக்காயல்காரர். பாதி வாழ்க்கையைத் தண்ணீருக்குள் கழித்தவர். பட்டியலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே கூறுகெட்டவனே, என்னல செஞ்சு வச்சிருக்க? ஆறுல நீந்துனா நீதாம்ல அணியில. ஏழுல உள்ள பயலுவ உன்னைய முந்தி கரையேறி டீயும் குடிச்சிருவானுவ."

"குடிக்கட்டும் அண்ணாச்சி."

"அப்பீல் போடுதேன். இடுப்பால ஏமாத்திட்டேன், கால் வராதுன்னு ஒரு வார்த்த சொல்லு. போதும்."

"சொல்ல மாட்டேன்."

வீம்பு என்றார். வீம்புதான். சலுகை பாஸைப் பையில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் முழு டிக்கெட் எடுக்கிற ஜாதி நான். சான்றிதழ் முகாம் வரிசையில் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டியிருக்கிறேன். ஒரு கோயில் வாசலில் செருப்புக்காகக் காத்து நின்ற என் கையில் ஓர் அம்மாள் சில்லறையை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார். கழுத்தளவு தண்ணீரில் மட்டும்தான் நான் எல்லோரையும்போல ஒரு தலை. விதி நியாயமானதுதான், எனக்குத் தெரியும். ஆனால் அந்த மேசையில் மறுபடி ஏறி, 'ஐயா, நான் இதைவிட மோசம்' என்று மன்றாடிப் பெறுகிற நியாயம் எனக்கு வேண்டாம்.

மறுநாள் முதல் எங்கள் ஊர் முத்துநகர் கடற்கரையில் பயிற்சிக்கு இறங்கினேன். உப்பளத்தில் பிழைத்த எங்கள் பரம்பரையில் கடலைப் பார்த்தால் உப்பு விலைதான் ஞாபகத்துக்கு வரும். அதற்குள் குதித்த முதல் ஆள் நான். தீவுகள் மறித்து நிற்பதால் அலை குறைவு. ஜெல்லி மீன்கள் பிரிவு பார்க்காமல் கொட்டின. பயிற்சியாளர் பக்கத்திலேயே வள்ளத்தில் வந்து, துறைமுகத்துக் கப்பல் சங்கையும் மீறித் திட்டினார். ஒருநாளும் வராமல் இருந்ததில்லை.

தேர்வுப் போட்டியில் ஏழாம் பிரிவிலிருந்து இரண்டு பேருக்குத்தான் அணியில் இடம். என் இரு பக்கமும் என் வயதில் பாதிகூட ஆகாத பையன்கள். கடைசிச் சுற்றில் ஒருவனை முந்தினேன். இன்னொருவன் ஒரு கை தூரத்தில் எனக்கு முன்னால் இரண்டாவதாகச் சுவரைத் தொட்டான். நான் மூன்றாவது.

என் வாழ்நாளில் அதைவிட வேகமாக நான் நீந்தியதில்லை. அன்று ஆறாம் பிரிவில் தங்கம் வாங்கியவர் என்னைவிட மெதுவாகத்தான் வந்திருந்தார்.

"பாத்தியால? ஆறுல தங்கம்!" என்று தலையில் அடித்துக்கொண்டார் பயிற்சியாளர்.

"ஏழுல மூணாவது அண்ணாச்சி. அடுத்த வருசமும் ஏழுதான்" என்றேன். கடைசி வாய்ப்பு என்று முடிவு செய்தவனும் நான்தானே. அதை ரத்து செய்ய யாரிடமும் அப்பீல் போட வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். "இந்தக் காலைக் காட்டி நான் எவன்கிட்டயும் எதையும் வாங்க மாட்டேன். ஒன் வீட்டுலகூடக் காட்டாமத்தான் ஒன்னையக் கெட்டுனேன்."

ஈரத் துண்டைக் கொடியில் உதறிப் போட்டுக்கொண்டே அவள் சொன்னாள்: "நீங்க உள்ள உக்காந்திருந்தீய. செருப்பு வாசல்லலா கெடந்துச்சு. ஒண்ணு மட்டும் ரெண்டு அங்குலம் ஒசரம். எங்க சித்திமாரு எல்லாரும் கையில எடுத்துப் பாத்துட்டுத்தான் காப்பியே போட்டாவ."